வெள்ளம் வடிந்த பின் கிணற்றுக்கும் சம்புக்கும் குளோரின்: அளந்து போடுவது எப்படி?

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பெருகும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துத் தாழ்வான வீடுகளில் வெள்ளம் கிணற்று மேடையையும் சம்ப் மூடியையும் தாண்டி உள்ளே இறங்கிவிடும். 2015-இலும், மிக்ஜாம் புயல் அடித்த 2023 டிசம்பரிலும் திருவள்ளூர் மாவட்டம் வெள்ளத்தில் தவித்தது. நீர் வடிந்ததும் பல வீடுகளில் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடரைத் தூவுவார்கள்; வாசனை வந்தால் தண்ணீர் சுத்தம் என்று நம்பிவிடுவார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. கழுவிய தொட்டி, அளந்த மருந்து, காத்திருந்த நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் கிருமி சாகும். காரணம் எளியது. சேறும் இலைதழைகளும் கழிவும் குளோரினை முதலில் தின்றுவிடுகின்றன; அவை தின்றது போக எஞ்சுவதுதான் கிருமியைத் தாக்கும். கைப்பிடிப் பவுடரில் எதுவும் எஞ்சாமல் போகலாம்.

ஆகவே முதல் வேலை கழுவுவது. சம்ப், மேல்நிலைத் தொட்டி இரண்டையும் காலி செய்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மூடிக் கிடந்த சம்பிலோ கிணற்றிலோ உயிர்க்காற்று குறைந்திருக்கலாம், நச்சு வாயு தேங்கியிருக்கலாம். அதனால் சம்ப் மூடியை நெடுநேரம் திறந்து வைத்து, மேலே ஆள் நிற்கும்போது மட்டும் வேலை செய்யுங்கள். கிணற்றில் நீங்களே இறங்காதீர்கள். கிணற்றில் மிதப்பதை வாரியெடுத்து, மோட்டார் போட்டுக் கலங்கல் தெளியும் வரை இறையுங்கள். வெள்ளம் சூழ்ந்திருக்கும்போதே இறைத்தால் உறை சரியக்கூடும். சுற்றிலும் நீர் வடிந்த பிறகே தொடங்க வேண்டும்.

இரண்டாவது வேலை அளப்பது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் நமது இலக்கு. புதிய பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். பிரித்து வைத்த மூட்டையில் வெயிலும் ஈரமும் பட்டு அது குறையும். எனவே 25 சதவீதம் என்று கொண்டு, 1,000 லிட்டருக்கு 200 கிராம் என்று கணக்கிடுங்கள். கிணற்றுக்கு, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை நீரின் ஆழத்தால் பெருக்கி (எல்லாம் மீட்டரில்), 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் 9,420 லிட்டர். ஏறத்தாழ 1 கிலோ 900 கிராம் பவுடர் தேவை. கட்டிதட்டி வாசனை போன பவுடர் வேண்டாம்.

மூன்றாவது, கரைத்து ஊற்றுவது. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பிளாஸ்டிக் வாளி நீரில் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கரையுங்கள். பத்து நிமிடத்தில் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கிணற்றில் சுவரைச் சுற்றி ஊற்றி, நீரை இறைத்து மறுபடி உள்ளே விட்டுக் கலக்குங்கள். ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் போகும் வால்வை மூடிவிடுங்கள். குளோரின் அதன் சவ்வைக் கெடுக்கும். பிறகு ஒவ்வொரு குழாயையும் வாசனை வரும் வரை திறந்து மூடி, 24 மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். மறுநாள் வாசனையே இல்லையென்றால் அழுக்கு மருந்தைத் தின்றுவிட்டது, மறுபடி செய்யுங்கள். இருந்தால் அந்த நீரை ஏரி, குளம், கால்நடைத் தொட்டி எதிலும் விடாமல் வெறுந்தரையில் இறைத்துவிட்டு, புதுநீர் நிரப்புங்கள்.

“குளோரின் உடம்புக்குக் கெடுதல்” என்பது முதல் மறுப்பு. அழுக்கோடு சேர்ந்தால் அது வேண்டாத பொருள்களை உண்டாக்குவது உண்மைதான். முதலில் கழுவச் சொல்வதும், பிறகு நீர் முழுவதையும் வெளியேற்றச் சொல்வதும் அதனால்தான். வெள்ளத்துக்குப் பின் வரும் காலராவும் டைபாய்டும் அதைவிட உடனடியான ஆபத்து. “கொதிக்க வைத்தால் போதுமே” என்பது அடுத்தது. குடிக்கும் நீருக்கு அது போதும். பல் தேய்க்கும், பாத்திரம் கழுவும் நீரை யார் கொதிக்க வைக்கிறார்கள்?

மூன்றாவது கேள்வி இந்த வட்டாரத்துக்கே உரியது: சிப்காட் தொழிற்சாலைகள் சூழ்ந்த இடத்தில் குளோரின் என்ன செய்யும்? கிருமியைக் கொல்லும், அவ்வளவே. மீஞ்சூர்ப் பக்கத்து உப்பையோ, உலோகத்தையோ, 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது போன்ற எண்ணெயையோ அது நீக்காது. பீனால் கலந்த நீரில் குளோரின் பட்டால் நாற்றம் கூடும். எண்ணெய்ப் படலமோ இரசாயன வாடையோ இருந்தால், குளோரின் போட்டாலும் அந்த நீரைக் குடிக்காதீர்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுங்கள். கிருமி நீங்கியதா என்பதற்கும் ஆய்வகச் சோதனைதான் சான்று: 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஐப்பசி பிறக்கும் முன்பே கிணற்றின் விட்டத்தையும் சம்பின் கொள்ளளவையும் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். பவுடரைத் தேவைப்படும்போது புதிதாக வாங்குங்கள். அந்தக் கணக்கை அண்டை வீட்டுக்கும் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் கிணற்றுக்கும் உங்கள் கிணற்றுக்கும் ஊற்று ஒன்றாக இருக்கலாம்.