ஆர்டிஓ உத்தரவு போட்டுட்டார்... இனி என்ன செய்யலாம்?

"பட்டா என் பேர்லதான் இருக்கு, தீர்வையும் நான்தான் கட்டுறேன். அப்புறம் எப்படி எதிராளிக்குச் சாதகமா உத்தரவு வந்துச்சு?" நிலத் தகராறில் சிக்கிய பலரும் இப்படித்தான் மலைத்துப் போகிறார்கள். நீங்களும் அந்த நிலையில் இருந்தால், முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த உத்தரவு நிலம் யாருக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை.

எதற்காக இந்த உத்தரவு?

தகராறு அடிதடி வரை போகும் என்று போலீஸ் அறிக்கை கொடுத்தால், வருவாய் கோட்டாட்சியர் நிர்வாக நடுவராக இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கலாம். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164ஆவது பிரிவு.

அவர் பார்ப்பது ஒன்றுதான்: முதல் உத்தரவு போட்ட தேதியில் நிலம் யார் அனுபவத்தில் இருந்தது? போலீஸ் அறிக்கை வருவதற்கு முந்தைய 2 மாதங்களுக்குள் ஒருவரை அடாவடியாக வெளியேற்றியிருந்தால், அவரே அனுபவத்தில் இருந்ததாகக் கருதலாம்.

மேல் கோர்ட் எதைப் பார்க்கும்?

இறுதி உத்தரவில் குறை இருந்தால், 438ஆவது பிரிவின்படி சீராய்வு மனு போடலாம். செஷன்ஸ் கோர்ட், உயர் நீதிமன்றம் இரண்டில் ஒன்றில்தான் போட முடியும். கெடு 90 நாள். சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்கள் இந்தக் கணக்கில் சேராது.

சீராய்வு என்பது மறுவிசாரணை அல்ல. உத்தரவு சட்டப்படி சரியா என்றுதான் கோர்ட் பார்க்கும். அதனால் உத்தரவை நிதானமாகப் படித்து, இவற்றைச் சரிபாருங்கள்:

• அமைதி குலையும் என்று நம்பியதற்கான காரணம் எழுத்தில் இருக்கிறதா?
• உங்களுக்கு நோட்டீஸ் வந்ததா? பதில் மனுவும் சாட்சியும் கொடுக்க வாய்ப்பு கிடைத்ததா?
• அனுபவத்தைப் பற்றி முடிவு செய்யாமல், பத்திரத்தை வைத்து உரிமையை முடிவு செய்துவிட்டாரா?
• அதே நிலத்தின் அனுபவம் குறித்து சிவில் கோர்ட்டில் ஏற்கெனவே வழக்கு இருக்கிறதா? அப்படி இருக்கும்போது இணையாக இந்த நடவடிக்கை தேவையில்லை என்று ராம் சுமேர் பூரி மகந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கையில் போன் இருக்கிறதே!

சிவில் வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸ் செயலியில் பெயர், வழக்கு எண் அல்லது 16 இலக்க சிஎன்ஆர் எண் கொடுத்துப் பார்க்கலாம். அடங்கல், மின் கட்டண ரசீது, பயிர் நிற்கும் படம் எல்லாம் அனுபவத்தைக் காட்ட உதவும். ஆனால் இவற்றைக் கோட்டாட்சியர் விசாரணையின்போதே கொடுத்துவிட வேண்டும். சீராய்வில் கொடுத்துக்கலாம்னு விட்டுடாதீங்க. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி பற்றிக் கேளுங்கள்.

மறக்க வேண்டாம்

மனு போட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது. இடைக்காலத் தடை தனியாகக் கேட்க வேண்டும். தடை கிடைக்கும் வரை, 'என் நிலம்தானே' என்று இறங்கினால் உங்கள் மீதே வழக்கு வரும். சீராய்வில் ஜெயித்தாலும் சொந்தம் உறுதியாகிவிடாது. அதை முடிவு செய்வது சிவில் கோர்ட்தான். அங்கே வழக்குப் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.