நாயின் வாயைக் கவனியுங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் காடுகரையில் திரியும் நாய்களுக்கு வாயில் தெரியும் மாற்றமே முதல் எச்சரிக்கை.

• முன்னங்காலால் வாயைப் பிறாண்டினால், சீமைக்கருவேல முள்ளோ எலும்புத் துண்டோ சிக்கியிருக்கலாம்.

• வெயிலில் ஓயாமல் இரைத்து, எச்சில் கெட்டியாகி, ஈறு கடுஞ்சிவப்பானால் உடம்பு சூடேறிவிட்டது. நிழலில் கிடத்தி, தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

• எப்போதாவது புல் தின்பது இயல்பு. ஓயாமல் மண்ணைத் தின்றால் குடற்புழுவோ ரத்தசோகையோ இருக்கலாம்.

• தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, குரல் மாறி, விழுங்க முடியாமல் தவித்தால் வெறிநோயாக இருக்கலாம். முள்ளென்று நினைத்து வாய்க்குள் கைவிடாதீர்கள்.

• கடித்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள்.