ஆர்க்கிட் மறுபடி பூக்குமா?

லால்பாக் மலர்க் கண்காட்சியில் ஆசையாக ஒரு ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கினேன். இரண்டு மாதத்தில் பூவெல்லாம் உதிர்ந்து, இப்போது இலை மட்டும் நிற்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகி, ஆஸ்டின் டவுன், பெங்களூரு

அவசரப்படாதீர்கள்! செடி சாகவில்லை, ஓய்வெடுக்கிறது. இரண்டு மூன்று மாதம் பூத்துவிட்டு உதிர்ப்பது ஃபலனாப்சிஸுக்கு இயல்புதான்.

பூக்காம்பு பச்சையாக இருந்தால், கீழிருந்து இரண்டாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அங்கிருந்தே புதுக்கிளை வரலாம். காய்ந்திருந்தால் அடியோடு நறுக்கிவிடுங்கள்.

மரக்கிளைகளைப் பற்றி வளரும் இனம் இது. தோட்ட மண்ணில் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். மரப்பட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் கலந்து, நிறைய ஓட்டை உள்ள தொட்டியில் வையுங்கள். எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதை வேரே சொல்லும்: வெள்ளிச் சாம்பல் நிறமானால் தாகம், பச்சையாக இருந்தால் போதும் என்று பொருள். காலையில் ஊற்றுங்கள், நடுக்குருத்தில் தண்ணீர் தேங்க வேண்டாம். உப்புள்ள போர்வெல் நீரைவிட மழைநீர் நல்லது.

இளவெயில் படும் கிழக்கு ஜன்னலோரம் போதும். உச்சிவெயில் இலையைக் கருக்கிவிடும்.

இனி நல்ல செய்தி. புதுப் பூக்காம்பைத் தூண்டுவது சில வாரக் குளிர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூரில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்குகிறதே, அதுவேதான் மருந்து! சென்னைக்காரர்கள் இதற்கு ஏ.சி. போட வேண்டும், உங்களுக்கு ஜன்னலைத் திறந்தால் போதும்.

மொட்டை மாடியில் வெயில் அதிகமென்றால், அடுத்து டென்ட்ரோபியம் வாங்குங்கள். நம் நாட்டு ஆர்க்கிட் வகைகளைப் பார்க்க, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.