எக்செல்: எண்ணா, டெக்ஸ்டா?

அப்பாவின் கடைக் கணக்கை எக்செல்லில் கூட்டினேன், தொகை குறைந்தது. விலுக்அப் ஃபங்ஷனில் பில் எண்ணைத் தேடினால், கண்முன் இருந்தும் 'என்/ஏ' என்றது. காரணம், சில எண்கள் டெக்ஸ்டாகப் பதிவாகியிருந்தன. அவற்றை சம் ஃபங்ஷன் பிழைச்செய்தி ஏதும் தராமல் விட்டுவிடும். விலுக்அப் வேறு மதிப்பாகக் கருதும்.

அலைன்மென்ட்டை நீங்கள் மாற்றாதவரை, எண் செல்லின் வலப்பக்கமும் டெக்ஸ்ட் இடப்பக்கமும் நிற்கும். சந்தேகமெனில் ஐஎஸ்நம்பர் ஃபங்ஷனில் சோதியுங்கள்: எண்ணுக்கு ட்ரூ, டெக்ஸ்டுக்கு ஃபால்ஸ் கிடைக்கும். செல் மூலையில் பச்சை முக்கோணம் இருந்தால், செல்லைத் தேர்ந்தெடுத்து, அருகில் தோன்றும் ஆச்சரியக்குறி ஐகானை கிளிக் செய்து, 'கன்வெர்ட் டு நம்பர்' கொடுங்கள்.

வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் டெக்ஸ்டாகவே வையுங்கள். எண்ணாக மாற்றினால் முன்னாலுள்ள பூஜ்யம் மறையும். 15 இலக்கங்களுக்குப் பின் வருபவை பூஜ்யமாகிவிடும்.