கேரவன் வாட்டர் ஹீட்டர்: சுத்தமாக வைக்க, பத்திரமாகப் பயன்படுத்த

ஆஸ்திரேலியாவில் கேரவனை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், பிரேக்கைப் பார்க்கிறார்கள். பக்கச் சுவரில் சிறு கதவுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டரை மட்டும், தண்ணீர் சுடவில்லை என்ற பிறகுதான் திறந்து பார்க்கிறார்கள். வண்டி ஊர் சுற்றும் நாட்களைவிட, வீட்டு வாசலில் சும்மா நிற்கும் மாதங்களில்தான் ஹீட்டர் அதிகம் கெடுகிறது. டேங்கில் தேங்கிய தண்ணீர் உள்ளிருந்து அரிக்கும். குளவி வெளியே கூடு கட்டும். இங்கே பரவலாக இருக்கும் சபர்பன் வகை ஹீட்டரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்: 22.7 லிட்டர் டேங்க், கேஸிலும் கரண்டிலும் ஓடும். உங்கள் மாடலின் கையேடு வேறு மாதிரி சொன்னால், கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

1. டேங்கில் தண்ணீர் நிரம்பாமல் ஹீட்டரைப் போடவே கூடாது. பம்பை ஓடவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். முதலில் காற்றும் தண்ணீருமாகத் துப்பும். அது நின்று சீராகக் கொட்டினால்தான் டேங்க் நிறைந்தது என்று அர்த்தம். காலி டேங்கில் கரண்ட் பாய்ந்தால் எலிமெண்ட் சீக்கிரமே கருகிவிடும். சில மாடல்களில் 240 வோல்ட் எலிமெண்டுக்கு ஒரு குட்டி சுவிட்ச் வெளிக்கதவுக்குப் பின்னால், கீழ் மூலையில் ஒளிந்திருக்கும். போன பயணத்தில் போட்டதை அணைக்காமல் விட்டிருந்தால், இந்த முறை பிளக்கை மாட்டியவுடனே அது வேலையை ஆரம்பித்துவிடும். பிளக்கை மாட்டுவதற்கு முன்னால் அந்த மூலையை ஒருமுறை பாருங்கள்.

2. வருடம் ஒரு முறையாவது டேங்கைக் காலி செய்து கழுவுங்கள். உப்புத் தண்ணீரும் போர் தண்ணீரும் பிடித்த பயணமென்றால், திரும்பி வந்ததுமே. இந்த வேலையில் வரிசை முக்கியம். கேஸ், 240 வோல்ட், 12 வோல்ட் மூன்றையும் அணையுங்கள். பம்பையும் வெளிக் குழாய் இணைப்பையும் நிறுத்துங்கள். தண்ணீர் முழுக்க ஆறும்வரை காத்திருங்கள். இரவு அணைத்துவிட்டுக் காலையில் செய்வது நல்லது. பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்து, ஹீட்டரின் மேல் பக்கமுள்ள பிரஷர் வால்வின் நெம்பைத் தூக்கி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். அதற்குப் பிறகுதான் அடியிலுள்ள அனோட் கம்பியைக் கழற்ற வேண்டும். 27 மில்லிமீட்டர் சாக்கெட் பொருந்தும். சூடும் அழுத்தமும் இருக்கும்போது கழற்றினால், கொதிக்கும் தண்ணீர் நேராக முகத்துக்கு வரும். ஆறிய தண்ணீரேகூட வேகமாகத்தான் பாயும், பக்கவாட்டில் நின்றுகொள்ளுங்கள்.

3. கம்பி வந்த ஓட்டை வழியாக மெல்லிய குழாயை விட்டுத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வெள்ளை வெள்ளையாகச் செதில்கள், மணல், சாம்பல் நிறக் குழம்பு எல்லாம் வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடாதீர்கள். அடியில் மண்டும் அந்தப் படிவு எலிமெண்டை மூடிக்கொண்டால் கரண்டும் வீண், எலிமெண்டும் போய்விடும்.

4. கழற்றிய கம்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். புதிதாக இருந்தபோது விரல் கனத்துக்கு வழவழப்பாக இருந்தது, இப்போது கரையான் தின்ற குச்சி மாதிரி பள்ளமும் மேடுமாக, நடுவிலுள்ள கம்பி தெரியும்படி இருக்கும். அது நல்ல அறிகுறி. மக்னீசியமோ அலுமினியமோ தன்னை அரிக்கக் கொடுத்து, இரும்பு டேங்க் துருப்பிடிக்காமல் காக்கிறது. முக்கால் பங்கு தேய்ந்துவிட்டால் புதிது போடுங்கள். கம்பியின் விலை டேங்கின் விலையில் சிறு பங்குதான். மரையில் மட்டும் பிளம்பர் டேப் இரண்டு மூன்று சுற்று சுற்றி, முதலில் கையால் திருகி, கடைசியில் ஸ்பேனரால் இறுக்குங்கள். ஆரம்பத்திலேயே ஸ்பேனர் போட்டால் மரை கோணலாக ஏறிவிடும். ட்ரூமா போன்ற சில ஹீட்டர்களில் டேங்க் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அவற்றில் இந்தக் கம்பி இருக்காது, தேடாதீர்கள்.

5. வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வருகிறதா? தண்ணீரிலுள்ள சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியாவும் மக்னீசியக் கம்பியும் சேர்ந்து உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. இரண்டு பங்கு வெள்ளை வினிகர், ஒரு பங்கு தண்ணீர் என்று கலந்து டேங்கை நிரப்பி, நாலைந்து முறை சுடவிட்டு ஆறவிடுங்கள். பிறகு காலி செய்து பலமுறை கழுவுங்கள். உப்புப் படிவும் இதில் கரையும்.

6. வினிகரோடு பிளீச்சைச் சேர்க்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை முழுக்கக் கழுவி வெளியேற்றாமல் மற்றதைத் தொடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் டேங்குக்கு குளோரினே ஆகாது.

7. சுடும்போது பிரஷர் வால்விலிருந்து சொட்டுவதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். தண்ணீர் சூடானால் விரியும்; அதற்கு இடம் கொடுக்க டேங்கின் மேல்பகுதியில் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். அந்தக் காற்று குறைந்தால் சொட்டும். ஹீட்டரை அணைத்து ஆறவிட்டு, தண்ணீர் வரத்தை நிறுத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, வால்வின் நெம்பைத் தூக்கிப் பிடியுங்கள். கொட்டுவது நின்றதும் விட்டுவிடுங்கள். காற்று மீண்டும் சேர்ந்துகொள்ளும். அதன் பிறகும் சொட்டினால் வால்வை மாற்றுங்கள். சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைப்பவர்கள் டேங்கை வெடிகுண்டாக்குகிறார்கள்.

8. கேரவன் பார்க்கில் குழாயை நேராக இணைப்பதற்கு முன், 350 கிலோபாஸ்கல் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். சில ஊர்களின் குழாய் அழுத்தத்தை வண்டியின் பிளம்பிங் தாங்காது.

9. கேஸ் சிலிண்டர் மாற்றியதும் ஹீட்டர் பற்றவில்லை என்றால், குழாயில் காற்று புகுந்திருக்கும். முதலில் அடுப்பைப் பற்றவைத்துச் சீராக எரியவிட்டு, பிறகு ஹீட்டரைப் போடுங்கள். அப்போதும் சிவப்பு விளக்கு எரிந்தால் கதவைத் திறந்து பாருங்கள். பர்னர் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம், சிலந்தி வலை பின்னியிருக்கலாம். கேஸை மூடிவிட்டு மெல்லிய பிரஷால் துடைக்கலாம். கேஸ் வரும் ஜெட்டின் நுண்துளையில் ஊசி விட்டுக் குத்துவது மட்டும் வேண்டாம். அது உரிமம் பெற்ற கேஸ் ஃபிட்டரின் வேலை.

10. தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, வெளிக் கம்பிவலையைச் சுற்றிக் கரி படிந்தாலோ உடனே அணையுங்கள். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் குமட்டலும் வண்டியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், பயணக் களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். எல்லோரும் வெளியே வாருங்கள். படுக்கும் இடத்தில் அதற்கான அலாரம் கட்டாயம் வேண்டும். புகை வரும் வாயருகே துண்டு காயப்போடுவதும், கூடாரத் துணியால் அதை மறைப்பதும் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே கேரவனின் தரையோரத் துவாரங்களைச் சாமான் வைத்து அடைக்காதீர்கள்.

11. தண்ணீர் 60 டிகிரி வரை சூடாவது நல்லதுதான். லெஜியோனெல்லா கிருமி வளர்வது 20 முதல் 45 டிகிரிக்குள். ஆனால் அதே 60 டிகிரி, பெரியவர்களின் தோலையே ஐந்து விநாடியில் மோசமாகச் சுட்டுவிடும். குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா வாளியும் மக்கும் கேட்டால் கொடுங்கள், ஆனால் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, அதில் வெந்நீரை விளாவச் சொல்லுங்கள்.

12. 1,440 வாட் எலிமெண்டுக்கு, 20 டிகிரி தண்ணீரை 60 ஆக்க முக்கால் மணி நேரம் ஆகும். அவசரமென்றால் கேஸையும் சேர்த்துப் போடலாம். கேரவனின் பிளக் 15 ஆம்பியர். வீட்டிலுள்ள 10 ஆம்பியர் பாயிண்டில் நுழைய வேண்டுமென்று அதன் எர்த் காலை அரத்தால் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

13. ஓடும்போதும், பங்கில் எரிபொருள் போடும்போதும் ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும், சிலிண்டரும் மூடியிருக்க வேண்டும்.

14. பயணம் முடிந்தால் டேங்கைக் காலி செய்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள். ஜூலைக் குளிரில் ஜிண்டபைன் பக்கம் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். உறைந்த தண்ணீர் டேங்கையும் இணைப்புகளையும் பிளந்துவிடும். குளவி புகாமல் வெளிவாயைத் துணியால் மூடினால், அடுத்த முறை பற்றவைப்பதற்கு முன் எடுத்தாக வேண்டும். அதனால் ஹீட்டர் சுவிட்சின் மேலேயே ஒரு டேப் ஒட்டி, “டேங்க் காலி, துணி எடுக்கவும்” என்று பெரிதாக எழுதிவையுங்கள்.