நாணயமும் நம்பிக்கையும்: இணைய அங்காடிகள் கிரிப்டோவை ஏற்குமா?

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. கையில் வழங்கும் காசு ஒன்று, நேர்மை மற்றொன்று. ஒரு வணிகரை 'நாணயமானவர்' என்று பாராட்டும்பொழுது இரண்டாவது பொருளையே கொள்கிறோம். இக்காலத்து இளைஞர்கள் பெரிதும் பேசும் 'கிரிப்டோ நாணயம்' இவ்விரண்டில் எதற்கு எவ்வளவு உரியது என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறுவோம். ஸ்ரீரங்கத்தில் வாழும் நம் உறவினர் பெண்மணி ஒருவர், மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த தொகையில் ஒரு பகுதியைக் கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றை நம்பி அனுப்பி இழந்தார். "பெரிய இணைய அங்காடிகள் எல்லாம் விரைவில் இக்காசை ஏற்கப்போகின்றன, அதற்குமுன் வாங்கினால் பன்மடங்காகும்" என்பதே அவருக்குக் காட்டப்பட்ட ஆசை. வெட்கத்தால் ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. "படித்த பிள்ளைகளே வாங்குகிறார்களே அத்தை, நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?" என்று அவர் கேட்டபோது நம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர்க் கற்றுக் கூறும் விடை இது.

1. கிரிப்டோ என்பது யாது?

கிரிப்டோ நாணயங்களுள் முதன்மையானது பிட்காயின். 2008ஆம் ஆண்டு சதோஷி நகமோட்டோ என்னும் பெயரில் வெளியான கட்டுரை அதன் திட்டத்தை விளக்கியது. 2009 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கிற்று. ரூபாய்க்கு ரிசர்வ் வங்கி இருப்பதுபோல் இதற்கு எந்த வங்கியும் இல்லை. ஊர்க் கணக்கை ஒரே கணக்கப்பிள்ளையிடம் விடாமல், ஊரார் பலரும் தத்தம் வீட்டில் படி எடுத்து வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் தம் ஏட்டைப் பொய்யாகத் திருத்தினால் மற்றவர் ஏடுகள் காட்டிக்கொடுக்கும். அவ்வாறே இக்கணக்கும் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் எழுதப்படுகிறது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயின்களுக்கு மேல் உண்டாகா என்பதும் அதன் விதி. அறிவுக்கூர்மை மிக்க ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை.

2. ஒரு காசை ஏன் ஏற்கிறோம்?

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் உரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. உரோமப் பேரரசரின் ஆணை இங்கே செல்லாது. ஆயினும் காசிலிருந்த உலோகத்திற்கு மதிப்பு இருந்தது. பிற்காலத்து வணிகர் எழுதிய உண்டியல் சீட்டில் உலோகம் இல்லை. எழுதியவரின் பெயரே மதிப்பு. இன்றைய ரூபாய்த் தாளுக்கு அரசின் உறுதியே மதிப்பு. பிட்காயினுக்கு இம்மூன்றும் இல்லை. அடுத்தவரும் இதனை வாங்கிக்கொள்வார் என்னும் எதிர்பார்ப்பே அதன் அடிப்படை. ஆகவேதான், 'பெரிய கடை ஏற்கப்போகிறது' என்னும் சொல் அதனை விற்பவர்க்கு அவ்வளவு பயன்படுகிறது.

3. கடைகள் கண்ட அனுபவம்

அமெரிக்காவில் ஓவர்ஸ்டாக் என்னும் இணைய அங்காடி 2014 ஜனவரியில் பிட்காயினை ஏற்கத் தொடங்கியது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் 2016இல் ஏற்று, கட்டண உயர்வையும் விலையின் ஏற்ற இறக்கத்தையும் காரணம் காட்டி 2017 டிசம்பரில் நிறுத்திவிட்டது. 2021 ஜூலையில், அமேசான் அவ்வாண்டிற்குள் பிட்காயினை ஏற்கும் என்று ஒரு செய்தி பரவ, விலை உயர்ந்தது. நிறுவனம் மறுத்தவுடன் சரிந்தது. அவ்வாண்டு முடிந்தது, அமேசான் ஏற்கவில்லை.

காரணம் எளிது. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலருக்கு விற்ற ஒரு பிட்காயின், ஓராண்டிற்குள் 16,000 டாலரை ஒட்டி வந்தது. திருச்சி காந்தி சந்தையில் அரிசி மண்டி வைத்திருப்பவர் இக்காசை வாங்கினால், ஒரு வாரம் கழித்து மூட்டை அனுப்பியவருக்கு என்ன தருவார்? ஆதலால் 'ஏற்கிறோம்' என்னும் கடைகள் பலவற்றிலும் இடையே ஒரு நிறுவனம் கிரிப்டோவைப் பெற்று, கடைக்கு டாலரையே தந்துவிடுகிறது.

4. நம் நாட்டு நிலை

2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வணிகத்திற்கு வங்கிகள் துணைபுரியலாகாது என்று ஆணையிட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. 2022 ஏப்ரல் 1 முதல் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி வந்தது. ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்க இயலாது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ என்பது சொத்து, ஆனால் பணம் அன்று என்று கூறியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 ரூபாய்க்கு வாங்கிய கிரிப்டோ 5,000 ரூபாய் பெறுமானமாகிறது. அதனைக் கொடுத்து ஒரு புடவை வாங்கினால், அது சொத்தை விற்றதற்கு ஒப்பாகும். ஆதாயம் 4,000, வரி 1,200 ரூபாய், மேல்வரி தனி. ஒவ்வொரு கொள்முதலுக்கும் இவ்வாறு கணக்கு வைக்க யார் விரும்புவர்? 2016இல் வந்த யு.பி.ஐ. வழியாக, சின்னக்கடை வீதிப் பூக்காரருக்கும் நாம் கட்டணமின்றி ரூபாயாகவே செலுத்துகிறோமே!

5. முடிவாக

இனி அங்காடிகள் ஏற்கவே மாட்டா என்று கூறலாமா? கூடாது. டாலரோடு மதிப்புப் பிணைக்கப்பட்ட 'ஸ்டேபிள்காயின்' என்னும் வகைக்கு 2025 ஜூலையில் அமெரிக்கா சட்டம் இயற்றியது. வெளிநாட்டு அங்காடிகள் அவ்வகையை மிகுதியாக ஏற்கக்கூடும். ஆனால் அதன் மதிப்பு ஏறாது. ஏறாமல் இருப்பதே அதன் நோக்கம்.

விடை இங்கேதான் உள்ளது. நாளை விலை ஏறும் என்று நம்புபவர் இன்று அக்காசைச் செலவிடார். இறங்கும் என்று அஞ்சும் கடைக்காரர் அதனை வாங்கார். விலை நிலையாக நிற்கும் காசைத்தான் கடை விரும்பும், அக்காசு பன்மடங்காகாது. 'கடைகள் ஏற்கும், ஆகவே பன்மடங்காகும்' என்று சொல்பவர் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டை ஒரே மூச்சில் சொல்கிறார். இதனை அறிந்திருந்தால் அத்திருமணத் தொகை காப்பாற்றப்பட்டிருக்கும்.

இனி எவரேனும் இவ்வாறு ஏமாற்றப்பட்டால் வெட்கி மறைத்தல் வேண்டா. உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடுக. தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் பணத்தைத் தொலைவிற்குக் கொண்டு செல்லும். பிள்ளைகளும், பெற்றோர் கேட்கும்போது "உங்களுக்குப் புரியாது" என்னாமல் பொறுமையுடன் விளக்குதல் கடமை.

இல்லத்தில் கலந்துரையாட வினாக்கள்

1. உரோமானியக் காசு, உண்டியல், ரூபாய்த் தாள், பிட்காயின்: இவற்றின் மதிப்பு எதனை ஆதாரமாகக் கொண்டது?
2. 2,000 ரூபாய்க்கு வாங்கிய கிரிப்டோவை 6,000 ரூபாய்ப் பொருளுக்கு மாற்றினால், 30 விழுக்காட்டில் வரி எவ்வளவு?
3. விலை விரைந்து ஏறும் காசு கடைவீதிக்கு ஏன் உதவாது?