பேஸ் பாக்ஸ் வாங்கும்முன் சாக்கு எடையைக் கழியுங்கள்



மண்டியிலிருந்து துவரம்பருப்பு மூட்டை வந்து இறங்கினால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? தராசில் ஏற்றுகிறோம். சாக்கின் எடையைக் கழிக்கிறோம். கையில் அள்ளிப் பார்த்து, கல்லும் தூசியும் எவ்வளவு போகும் என்று மதிப்பிடுகிறோம். அதற்குப் பிறகுதான் பணம். இவ்வளவு விழிப்பாக இருக்கும் நாம், பழக்கமில்லாத சரக்கை வாங்கும்போது மட்டும் அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதை அப்படியே நம்பிவிடுகிறோம்.

இந்த இதழின் பாடத்துக்கு அப்படிப்பட்ட ஒரு சரக்கையே எடுத்துக்கொள்கிறோம். மேடைக் கச்சேரிக்கும் டி.ஜே. நிகழ்ச்சிக்கும் வைக்கிற பவர்டு சப்வூஃபர், அதாவது ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்தப்பட்ட பேஸ் பாக்ஸ். மளிகைக் கடைக்காரருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். காரணம் இரண்டு. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் சவுண்ட் சர்வீஸ் தொழிலில் இறங்குகிறார்கள். முதல் போடுவது கடைதான். அடுத்து, கடைத்தெரு விழாக் குழுக்கள் வாடகை மிச்சம் என்று எண்ணி, வசூல் பணத்தில் சொந்தமாக செட் வாங்குகின்றன. இரண்டிலும் போவது வணிகரின் பணம்.

நடந்தது ஒன்று

திண்டிவனத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், தீபாவளிச் சரக்குக்கு ஒதுக்கியிருந்த தொகையை எடுத்து மகனுக்கு இரண்டு பேஸ் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார். பெட்டியில் "2000 வாட்ஸ்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. முதல் வேலை மயிலம் பக்கம் திறந்த வெளியில் ஒரு திருமண வரவேற்பு. மேடைக்கு எதிரே நின்றவர்களுக்கு நெஞ்சு அதிர்ந்தது. பக்கவாட்டில் இருந்தவர்களுக்குப் பேஸ் காணாமல் போனது. பின்வரிசைக்கு ஒன்றும் வரவில்லை. சீரியல் விளக்குக்கும் அதே ஜெனரேட்டர் என்பதால் ஒன்பது மணிக்குப் பெட்டி இரண்டும் அணைந்தன. வாடகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்த ஆண்டு தீபாவளிக்கு அவர் கடையில் பாதிச் சரக்குதான்.

பெட்டி போலியல்ல. தவறு வாங்கிய விதத்திலும் வைத்த விதத்திலும் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில், தேவைதானா?

மனிதக் குரல் சுமார் 100 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் பெரும்பாலும் நிற்கிறது. பேஸ் பாக்ஸின் வேலை அதற்குக் கீழே. ஆகவே பொதுக்கூட்டம், பட்டிமன்றம், மே 5 வணிகர் தினக் கூட்டம் போன்றவற்றுக்கு பேஸ் பாக்ஸ் வேண்டியதில்லை. வைத்தால் மைக்கைத் தொடும் சத்தமும் காற்றடிக்கும் சத்தமும் இடிபோல் கேட்டுப் பேச்சைக் கெடுக்கும். நாதசுரத்துக்கும் அது வேண்டாம். இன்னிசைக் கச்சேரியில் பேஸ் கித்தாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ், டி.ஜே. பாட்டில் அடி விழுவது பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் அளவில். பேஸ் பாக்ஸ் இந்த இடத்துக்கான சரக்கு. உங்களுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் மைக் செட் வேலைதான் என்றால், அந்தப் பணத்தில் நல்ல டாப் பாக்ஸும் மைக்கும் வாங்குவதே லாபம்.

2. வாட்ஸ் என்பது சாக்கோடு நிறுத்த எடை

ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டர்களின் மேல் "பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்" என்று ஒட்டியிருந்தது நினைவிருக்கும். கையடக்கப் பெட்டிக்கு ஆயிரம் வாட்ஸா என்று அன்றே சிரித்தோம். இன்று அதற்குப் பதில் "பீக்" என்கிறார்கள். கண் இமைக்கும் நேரம் மட்டும் தாங்கும் அளவு அது. தொடர்ந்து தரக்கூடிய அளவு "கன்டினியுவஸ்" அல்லது "ஆர்.எம்.எஸ்." என்று சிறிய எழுத்தில் இருக்கும். நம் உறுப்பினர் வாங்கிய பெட்டியில் அது 500. சாக்கைக் கழித்த எடை அதுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ஒலி இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. எனவே 500 வாட்ஸுக்கும் 700 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு எட்டுவதே அரிது. அதற்காகப் பெரும் தொகை கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

3. பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

முதல் எண், அதிகபட்ச ஒலி அளவு. "மேக்ஸ் எஸ்.பி.எல்." என்று டெசிபலில் கொடுத்திருப்பார்கள். இது பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்கான கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 130 டெசிபல் பெட்டி 16 மீட்டரில் 106 ஆகிறது. 32 மீட்டரில் 100. இந்த எண்ணும் பெரும்பாலும் பீக் கணக்கே. மண்டபத்துக்குள் சுவர் திருப்பித் தருவதால் இவ்வளவு குறையாது. மண்டபத்தில் நன்றாகக் கேட்ட பெட்டி மைதானத்தில் சோர்ந்துபோவதன் காரணம் இதுதான்.

இரண்டாவது எண், எவ்வளவு கீழே இறங்கும் என்பது. "35 ஹெர்ட்ஸ்" என்று போட்டிருந்தால் பக்கத்தில் மைனஸ் 3 டெசிபலா, மைனஸ் 10 டெசிபலா என்று பாருங்கள். மைனஸ் 10 என்றால் அந்த இடத்தில் பெட்டி பத்தில் ஒரு பங்கு ஆற்றலைத்தான் தருகிறது. இரண்டு கம்பெனிப் பெட்டிகளை ஒப்பிடும்போது ஒரே அளவுகோலில் ஒப்பிட வேண்டும். ஒருவர் படியிலும் இன்னொருவர் கிலோவிலும் சொன்னால் நாம் விலை பேசுவோமா?

4. அங்குலம், கனம், மரம்

பொதுவாக 12 அங்குலம் சிறிய அறைக்கு, 15 அங்குலம் நடுத்தர மண்டபத்துக்கு, 18 அங்குலம் பெரிய மண்டபத்துக்கும் திறந்த வெளிக்கும். 18 அங்குலப் பெட்டி பல 35 முதல் 50 கிலோ வரை இருக்கும். ஏற்றி இறக்க இரண்டு ஆள், அதற்கேற்ற வண்டி. இதுவும் கொள்முதல் விலையில் சேரும். பெட்டி பிளைவுட்டா, பிளாஸ்டிக்கா, அமுக்கிய மரத்தூள் பலகையா என்று கேளுங்கள். மரத்தூள் பலகை மழையில் ஒருமுறை நனைந்தால் ஊதிவிடும். மரக்காணம் பக்கம் கடலோர வேலை அதிகம் எடுப்பவர்கள், முன் கிரில்லும் திருகுகளும் துருப்பிடிக்காத பூச்சு உள்ளவையா என்று பார்க்க வேண்டும்.

5. மின்சாரம்

ஆம்ப் உள்ளேயே இருப்பதால் பொருத்தம் பார்க்கும் தலைவலி இல்லை. அதிகச் சத்தம் வைத்தால் தானே அடக்கிக்கொள்ளும் லிமிட்டரும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி மின் இணைப்பு வேண்டும். ஆம்ப் போனால் பெட்டியே போனது. கிராமத்தில் மின்னழுத்தம் இறங்கும், ஜெனரேட்டரில் ஏறி இறங்கும். 100 முதல் 240 வோல்ட் வரை தானே சரிசெய்துகொள்ளும் பவர் சப்ளை உள்ள பெட்டியே நம் பக்கத்துக்கு ஏற்றது. விளக்குக்கு ஒரு லைன், ஒலிக்குத் தனி லைன். எர்த் உள்ள மூன்று கோர் கம்பி. எர்த்தை வெட்டிவிட்டால் இரைச்சல் போகிறது என்று சிலர் செய்வார்கள். அது உயிருக்கு ஆபத்து. இரைச்சல் வந்தால் மிக்ஸரிலிருந்து எக்ஸ்.எல்.ஆர். கம்பி போடுங்கள்.

6. வைக்கும் இடம்

மயிலம் வேலையில் பாதிக் குறை இதில்தான். இரண்டு பேஸ் பாக்ஸையும் மேடையின் இரு கோடியில் வைத்தார்கள். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் ஏறக்குறைய 6 மீட்டர். ஒருவர் இருக்கும் இடத்துக்கு ஒரு பெட்டியின் தூரமும் மறு பெட்டியின் தூரமும் 3 மீட்டர் வேறுபட்டால், ஒன்றின் ஒலியை மற்றொன்று அழித்துவிடும். அதனால்தான் நடுவில் இடி, பக்கத்தில் வெறுமை. இரண்டையும் ஒட்டி நடுவில் தரையில் வைத்தால் இந்த இழப்பு இல்லை. ஒரு பெட்டியைவிட 6 டெசிபல் வரை கூடவும் செய்யும். செலவே இல்லாத லாபம் இது.

டாப் பாக்ஸுக்கு ஒலியை பேஸ் பாக்ஸின் அவுட் வழியாகக் கொடுத்து, 80 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் பிரித்து விடுங்கள். பிறகு பெட்டியின் பின்னால் உள்ள போலாரிட்டி சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றிக் கேட்டு, எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

7. கடையில் சோதிக்கும் முறை

கடைக்காரர் போடும் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் நூறு முறை கேட்ட பாட்டை பென் டிரைவில் எடுத்துப் போங்கள். ஐந்து மீட்டரிலும் பதினைந்து மீட்டரிலும் நின்று கேளுங்கள். அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் ஓடட்டும். சிவப்பு லிமிட் விளக்கு விடாமல் எரிகிறதா, பலகை நடுங்கி ஒலிக்கிறதா, முன் துளையில் காற்று சீறுகிறதா என்று கவனியுங்கள். வாரண்டி எத்தனை ஆண்டு என்பதோடு நிற்காமல், காயில் கருகினால் வாரண்டி உண்டா, சர்வீஸ் சென்னையிலா புதுச்சேரியிலா, எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். வரிசை எண் குறித்த ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். முகூர்த்த மாதத்தில் பெட்டி இருபது நாள் பழுது பார்க்கப் போனால், வாங்கும்போது கிடைத்த தள்ளுபடியை அந்த வாடகை இழப்பு விழுங்கிவிடும்.

8. பற்று வரவு

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். இரண்டு பெட்டியும் கம்பியும் சேர்த்து 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டி, ஆள் கூலி போக ஒரு நாளைக்கு நிற்பது 2,500 ரூபாய். புரட்டாசியிலும் மார்கழியிலும் திருமணம் குறைவு. ஆடியில் திருமணம் இல்லாவிட்டாலும் அம்மன் கோயில் கூழ் திருவிழா கைகொடுக்கும். ஆண்டுக்கு 40 நாள் ஓடினால் 1,00,000 ரூபாய். மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் ஆண்டு வட்டி 36,000. மிச்சம் 64,000. முதல் திரும்ப இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அந்தப் பணம் கடையில் சரக்காகச் சுழன்றிருந்தால் எவ்வளவு தந்திருக்கும் என்று பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். கணக்கு ஒத்துவந்தால் துணிந்து இறங்கலாம்; ஒத்துவராவிட்டால் முதல் ஆண்டு வாடகைக்கு எடுத்துத் தொழில் பழகட்டும்.

9. சட்டமும் அண்டை வீட்டாரும்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் கூடாது. ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் மாநில அரசு விழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்வு தரலாம். பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல், கடைத்தெருவுக்கு 65. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று அளித்த தீர்ப்பிலும் இவற்றை வலியுறுத்தியது. மீறினால் செட்டையே பறிமுதல் செய்ய முடியும்.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அதிகாரிகள் அளக்கும் டெசிபல் அளவுகோல் நம் காதைப் போலவே தாழ்ந்த ஒலியைக் குறைத்து மதிப்பிடும். 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 30 டெசிபல் குறைத்தே காட்டும். ஆனால் அந்த ஒலிதான் சுவரைத் தாண்டிப் போய்ப் பக்கத்துத் தெருவில் படுத்திருக்கும் நோயாளியின் கட்டிலை அதிர வைக்கிறது. மீட்டர் காட்டாவிட்டாலும் அவருக்குத் தெரியும். காலையில் நம் கடைக்குப் பால் பாக்கெட் வாங்க வருகிறவரும் அவர் வீட்டார்தான். நிகழ்ச்சிக்கு வருவோர் காதையும் எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022இல், நிகழ்ச்சி அரங்குகளில் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது.

முடிவாக

திண்டிவனம் உறுப்பினரின் பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன. முந்நூறு பேர் அமரும் மண்டப வேலையை மட்டும் எடுக்கிறார்கள். பெட்டிகளை நடுவில் ஒட்டி வைத்து, தனி லைன் இழுக்கிறார்கள். மைதான வேலை வந்தால் கூடுதல் பெட்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். வாங்கிய அன்றே இவை தெரிந்திருந்தால் ஒரு தீபாவளி வியாபாரம் தப்பியிருக்கும் என்று அவர் நம்மிடம் சொன்னார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

பிள்ளை வந்து "அப்பா, ரெண்டாயிரம் வாட்ஸ்!" என்றால் கோபிக்காதீர்கள், தடுக்கவும் வேண்டாம். "சாக்கு எவ்வளவு, சரக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு முதல் போடலாம்.